கணக்கில் 64, வேதியியலில் 92: மகளைப் பொறியியலில் சேர்க்கலாமா?

கோத்தகிரிக்கு அருகே உள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன். குடும்பத்துக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் உண்டு. கணவர் பிக்-அப் வண்டி ஓட்டுகிறார். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முதல் குரூப் படிக்கிறார். பத்தாம் வகுப்பில் கணக்கில் 96 வாங்கியவர், அரையாண்டுத் தேர்வில் 64 வாங்கியிருக்கிறார். இயற்பியலில் 71, வேதியியலில் 92, உயிரியலில் 95, தமிழில் 97. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்துப் பள்ளி போட்டுத் தந்த மதிப்பெண்கள் இவை.

மகளுக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. சென்ற ஐப்பசி மழையில் வீட்டுக்கு மேலே சாலையோரத் தடுப்புச் சுவர் சரிந்தபோது, "குழாய் ஓட்டை வைத்துக் கட்டிய சுவர் நிற்கிறது, ஓட்டை இல்லாத சுவர் மட்டும் ஏன் விழுகிறது?" என்று அவர் கேட்டாராம். கோவையிலிருக்கும் தாய்மாமன், கணக்கில் 90 வாங்காத பிள்ளை பொறியியலுக்குப் போனால் அரியர் வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் என்கிறார். கம்ப்யூட்டர் பிரிவில் கணக்கு கிடையாது, அதில் சேர்த்துவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. வேதியியலில் இவ்வளவு நன்றாக வாங்குகிற பிள்ளைக்குக் கெமிக்கல் இன்ஜினியரிங்தான் பொருத்தம் என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே ஒரு தரகர், 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால் கோவைக் கல்லூரி ஒன்றில் இடம் பிடித்துத் தருவதாக வந்து நிற்கிறார். "யார் சொல்வதைக் கேட்பது, ஐயா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பது ஆண்டுகள் முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கு விசையியல் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூன்று பேர் சொன்னதையும் பார்ப்பதற்கு முன், மதிப்பெண் பட்டியலை இன்னொரு முறை என்னோடு சேர்ந்து வாசியுங்கள். நீங்கள் கணக்கை நினைத்துக் கலங்குகிறீர்கள்; எனக்கு உறுத்துவது இயற்பியல்.

பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வு 70தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த 20, 10 மதிப்பெண்கள் பெரும்பாலான பள்ளிகளில் ஏறக்குறைய முழுமையாகவே கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், உங்கள் மகள் கணக்கில் 90க்கு 54 எழுதியிருக்கிறார், அதாவது நூற்றுக்கு 60. இயற்பியலில் 70க்கு 41 எழுதியிருக்கிறார்; அது நூற்றுக்கு 59கூட முழுதாக வராது. பட்டியலில் ஏழு மதிப்பெண் முன்னால் நிற்கும் இயற்பியல், விடைத்தாளில் கணக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. வேதியியலில் 70க்கு 62 என்பது உண்மையிலேயே நல்ல எழுத்து. ஆகவே, கணக்கு ஒன்றுதான் குறை, மற்றதெல்லாம் சரி என்ற உங்கள் முடிவை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இயற்பியலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அவர் கேட்கும் பிரிவு. சிவில், மெக்கானிக்கல் இரண்டுக்கும் அடித்தளம் விசை, திருப்புவிசை, சமநிலை, பருப்பொருளின் பண்புகள், பாய்மங்களின் அழுத்தம் ஆகியவை. இவை அனைத்தும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் மின்னியல், காந்தவியல், ஒளியியல், அணு, எலக்ட்ரானிக்ஸ் என்று பாடம் வேறு பக்கம் போய்விடுகிறது. சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கிடுவது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்து என்பதால், பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். சிவில் வகுப்பில் வந்து உட்காரும் மாணவருக்கு முதல் நாளிலிருந்து தேவைப்படுவதோ அந்த மூடிய புத்தகம்தான். எனவே இப்போதைய 71, அவர் சிவிலுக்குப் பொருத்தமானவரா என்பதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பில் 96 வாங்கிய பிள்ளை எப்படி 64க்கு வந்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை மாறிவிடவில்லை, பாடம் மாறிவிட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கில் வகையிடலும் (டிஃபரன்ஷியேஷன்) தொகையிடலும் (இன்டக்ரேஷன்) கிடையாது. பதினொன்றில்தான் அவை அறிமுகமாகின்றன, பன்னிரண்டில் பாதிப் புத்தகத்துக்கு அவையே துணை. இந்த இடத்தில் இடறி விழுவது மலையிலும் சமவெளியிலும் ஒரேபோலத்தான் நடக்கிறது.

மூன்று ஆலோசனைகளும் அவற்றிலுள்ள பிழையும்

தாய்மாமன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே நுண்கணிதம் வந்துவிடும், இரண்டாம் பருவத்திலும் ஒரு கணக்குத் தாள் வரும். இயற்கணிதம் கை வராதவருக்கு இந்த ஓராண்டு பெரும் பாடுதான். ஆனால் 90 என்ற கோட்டை எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. மாதிரிக் கணக்குகளை மனப்பாடம் செய்து பள்ளியில் 95 வாங்கிவிட்டு, கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்ட மாணவர்களை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். 65 வாங்கி வந்து, ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று கேட்டுக் கேட்டே தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் எவ்வளவு என்பதைவிட அது எப்படி வந்தது என்பதுதான் கல்லூரியில் எடுபடுகிறது.

அப்பாவின் யோசனையை நான் மென்மையாக, ஆனால் முழுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. கணினிப் பிரிவில் சேர்ந்தாலும் முதலாண்டுக் கணக்குத் தாள்கள் உண்டு. அதன் பிறகு தனிநிலைக் கணிதமும் நிகழ்தகவும் தொடரும். உங்கள் மகளின் கணக்குப் புத்தகத்தில் கடைசி இரண்டு பாடங்கள் நிகழ்தகவுப் பரவல்களும் தனிநிலைக் கணிதமும்தான். நேரமில்லை என்று பலர் மேலோட்டமாக விட்டுவிடும் பாடங்கள் அவை. இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு அணிகள், நிகழ்தகவு, வகையிடல் ஆகியவற்றின் மேல்தான் நிற்கிறது. கணக்குக்குப் பயந்து கணினிப் பிரிவுக்கு ஓடுவது மழைக்குப் பயந்து அருவிக்கு அடியில் ஒதுங்குவது போலத்தான். நாடு முழுவதும் கணக்கு கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்களாமே என்று அவர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021இல் அப்படியொரு தளர்வை அறிவித்துப் பெரும் விவாதம் எழுந்தது உண்மை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் தரவரிசை இன்றும் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் வைத்தே போடப்படுகிறது.

கெமிக்கல் பற்றிய யோசனை அக்கறையோடு சொன்னதுதான் என்றாலும், மிகப் பலர் ஏமாறும் இடம் இதுவே. வேதியியல் வேறு, வேதிப் பொறியியல் வேறு. உங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நசுக்கிய பச்சை இலை காற்றுப் பட்டு ஏன் செம்பு நிறமாகிறது என்பது வேதியியல். வாட்டும் தொட்டியில் பரப்பிய இலையிலிருந்து இத்தனை மணி நேரத்தில் இவ்வளவு நீரை எடுக்க எவ்வளவு காற்றை என்ன வெப்பத்தில் செலுத்த வேண்டும், அதற்கு எவ்வளவு விறகு எரியும், மழை நாளில் காற்றே ஈரமாக இருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் வேதிப் பொறியியல். பாய்ம ஓட்டம், வெப்பக் கடத்தல், பொருள் கடத்தல் என்று அதன் பாடங்கள் இயற்பியலின் உறவினர்கள். வகைக்கெழுச் சமன்பாடு இல்லாமல் அவற்றில் ஒரு பக்கமும் நகராது. வேதியியலில் 92 வாங்கியவருக்கு வேதியியலே பிடித்திருந்தால் பி.எஸ்சி. வேதியியல் நேரான வழி. உதகை அரசு கலைக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது.

மதிப்பெண்ணில் தெரியாத திறமை

கடிதத்தின் நடுவே, ஏதோ பொழுதுபோக்கைச் சொல்வது போல ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மகள் அளவு எடுத்துத் தன் ரவிக்கையைத் தானே வெட்டித் தைத்துக்கொள்கிறார் என்று. எனக்கு இந்த வரி 95ஐயும் 97ஐயும் விட முக்கியமாகப் பட்டது. வளைந்த உடலுக்குப் பொருந்தும்படி தட்டையான துணியில் எந்த வடிவத்தை வெட்ட வேண்டும் என்று மனத்துக்குள் விரித்துப் பார்ப்பதும், தகரத்தை வெட்டிக் கூம்போ குழாய் வளைவோ செய்வதற்கு வரைபடம் போடுவதும் ஒரே வேலை. பொறியியல் வரைபடத் தாளில் பரப்பு விரிப்பு என்ற பெயரில் இதையே கற்பிக்கிறார்கள். முதலாண்டில் நல்ல கட்-ஆஃபோடு வந்தவர்களும் தடுமாறும் தாள் அது, ஏனென்றால் பள்ளியின் எந்தத் தேர்வும் இடஞ்சார் கற்பனையை அளப்பதில்லை.

இது பிறவியிலேயே வர வேண்டியது, பெண்களுக்கு அவ்வளவாக வராது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் 1990களில் தொடங்கி, முதலாண்டு மாணவர்களில் இத்திறன் குறைந்தவர்களுக்குத் தனியாகப் பயிற்சி வகுப்பு நடத்தினார். கையால் வரைந்தும் பொருள்களைத் திருப்பிப் பார்த்தும் பழகியவர்கள் தெளிவாக முன்னேறினார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. பயிற்சியால் வரும் திறன் இது. உங்கள் மகளிடம் அதன் தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

தமிழில் 97 வாங்கி என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். நீளமான கேள்வியைப் படித்து, எது தரப்பட்டிருக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்தறியத் தெரியாததால் மதிப்பெண் இழப்பவர்கள் பொறியியலில் ஏராளம். தமிழில் அந்த வாசிப்பு இருப்பவருக்கு ஆங்கிலத்தில் அதை உண்டாக்கிக்கொள்ள ஓராண்டு போதும். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியிலும் நடத்தத் தொடங்கியது. சில இடங்களில் மட்டுமே கிடைப்பது என்பதால் விருப்பப் பட்டியல் போடும்போது தேடிப் பாருங்கள்.

சுவரையே கேளுங்கள்

தகுதியை அறிய நான் பரிந்துரைக்கும் சோதனை, உங்கள் மகள் தானே எழுப்பிய கேள்விதான். ஓட்டையில்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கிவிட்டதாகக் கொள்வோம். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போகும். மேலே பூச்சியம், அடியில் உச்சம். இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய இரண்டு டன் எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். நீர் மூன்று மீட்டர் நின்றால் மூன்று டன் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் நாலரை டன். அந்த விசை சுவரை அடியோடு கவிழ்க்க முயலும் திருப்புவிசையைப் பார்த்தால், இரண்டு மீட்டரில் இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். குழாய் ஓட்டை நீரை வடியவிட்டு இந்தச் சுமையையே இல்லாமல் செய்துவிடுகிறது. 2009 நவம்பர் மழையில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் புகுந்த நீர் சரிவுகளை எப்படிப் பலவீனமாக்குகிறது என்பது சிவில் பொறியியலில் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது.

இந்த இரண்டு டன்னும் நாலரை டன்னும் எப்படி வந்தன என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நீரழுத்தம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தொகையிடல், இரண்டும் போதும். தொகையிடல் வராவிட்டால் முக்கோணத்தின் பரப்பைக் கொண்டும் போடலாம். விடை வருகிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு மல்லுக்கட்டுகிறாரா, அரை மணியில் மூடி வைத்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். கூடவே ஒரு சிறு கேள்வியும் கேளுங்கள்: மேல்நோக்கி எறிந்த பந்து, கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையை விட்டுவிட்டால் புவியீர்ப்பு ஒன்றுதான். கை கொடுத்த விசையும் பந்தோடு போகிறது என்று பலர் சொல்வார்கள். இத்தகைய கேள்விகளைத் தொகுத்து 1992இல் அமெரிக்காவில் ஒரு சோதனைத் தாளை வெளியிட்டார்கள்; கணக்குப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கும் கல்லூரி மாணவர்களும் அதில் தடுமாறியது இயற்பியல் ஆசிரியர்களையே உலுக்கியது. உங்கள் மகள் தவறாகச் சொன்னால் வருந்த வேண்டாம். ஏன் தவறு என்று கேட்டு வாதிடுகிறாரா என்று பாருங்கள்.

பிறகு கணக்கு அரையாண்டு விடைத்தாளை எடுத்து, இழந்த 36 மதிப்பெண்ணும் எங்கே போயின என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். தொடங்கவே தெரியாதவை, வழி தெரிந்தும் குறியிலோ சுருக்குவதிலோ தவறியவை, நேரம் போதாமல் விட்டவை என்று மூன்று நிறங்களில் குறித்தால் போதும். இரண்டாவது வகைதான் அதிகம் என்றால், அது எட்டு, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருக்கும் ஓட்டை. தினம் அரை மணி நேரப் பயிற்சியில் பொதுத்தேர்வுக்குள்ளேயே பெரும்பகுதி அடைபட்டுவிடும். முதல் வகை அதிகமென்றால், எந்தப் பாடங்களில் என்று பாருங்கள். கலப்பெண்களில் என்றால் சிவிலுக்குப் பெரிய இடையூறு இல்லை. வகையிடலின் பயன்பாடு, தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் ஆகியவற்றில் என்றால் கோடை விடுமுறையை அதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

சேர்க்கை, பணம், உரிமை

இப்போதைய மதிப்பெண்ணில் கட்-ஆஃப் 200க்கு 145.5. கணக்கு அப்படியே 64. இயற்பியலில் பாதி 35.5, வேதியியலில் பாதி 46. இதிலிருந்தே உழைப்பை எங்கே போட வேண்டும் என்பது தெரியும். வேதியியலை 92லிருந்து 100 ஆக்கினாலும் கூடுவது நான்குதான். கணக்கில் பத்து கூடினால் பத்தும் அப்படியே கூடும். இருவர் கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் பார்ப்பது கணக்கு மதிப்பெண்ணைத்தான்.

மகள் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி ஒதுக்கீடு கிடைக்காது என்று நினைத்திருக்கிறீர்கள். அது தவறு. 2021இல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதே ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் தகுதி. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றையும் இப்போதே வாங்கி வையுங்கள்; கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் வரிசை நீளமாக இருக்கும்.

இவ்வளவு இருக்க, தரகருக்கு 20,000 ரூபாய் எதற்கு? அவர் பிடித்துத் தருவது நிர்வாக ஒதுக்கீட்டு இடமாகத்தான் இருக்கும். மேலே சொன்ன ஒதுக்கீட்டின் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். சில ஆண்டுகளாகக் கணினிப் பிரிவுகளோடு ஒப்பிட்டால் சிவிலுக்குப் போட்டி குறைவு. பொதுத்தேர்வு முடிவு வரும் முன் யாருக்கும் பணம் தராதீர்கள். அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்காதீர்கள். சேர்ந்த பிறகும்கூட அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடையாது.

பாலிடெக்னிக் வழியையும் கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாமாண்டு சேரலாம், அதன்பின் பி.இ.யிலும் நேராக இரண்டாமாண்டு சேரலாம். கையால் செய்து கற்பவருக்கு நல்ல பாதை, ஓராண்டு கூடுதலாகும். ஒரே எச்சரிக்கை: அப்படி வருபவர்கள் பி.இ. முதலாண்டுக் கணக்கைத் தாண்டி வந்துவிடுவதால், மூன்றாம் பருவக் கணக்குத் தாளில் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கிலிருந்து தப்பும் வழியாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மாமன் பேசுகிறார், அப்பா பேசுகிறார், ஆசிரியர் பேசுகிறார். மகள் பேசுவது அந்தச் சுவரைப் பற்றிய ஒரு வரிதான். விடைத்தாளில் நிறம் தீட்டி முடித்ததும், அதன் நகலோடு அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். நாலரை டன் கணக்கைப் போட்ட தாளையும், விடை வந்திருந்தாலும் வராவிட்டாலும், அடித்தல் திருத்தலோடு அப்படியே வைத்து அனுப்பட்டும்.